எலும்பை ஃப்ரீசரில் வைப்பதா, அலமாரியில் வைப்பதா?

இடுப்பு மூட்டு மாற்று அறுவையில் வெட்டி எடுக்கும் தொடையெலும்பின் உருண்டைத் தலை எப்போதும் குப்பைக்குப் போவதில்லை. கொடுத்தவர் சம்மதித்து, ரத்தப் பரிசோதனையும் சரியாக இருந்தால், இன்னொருவரின் எலும்புக் குழியை அதைக் கொண்டு நிரப்பலாம். அதுவரை எங்கே வைப்பது?

பழகிய வழி உறைய வைப்பது. மைனஸ் 70, 80 டிகிரி என்றால் 5 ஆண்டு வரை தாங்கும். மைனஸ் 20 என்றால் ஆறு மாதம்தான். கல்லாக உறைந்து கிடந்தாலும் அந்தக் குளிரில் கொலாஜனை (எலும்பின் புரதத்தை) அரிக்கும் நொதிகள் முழுசாக அடங்குவதில்லை. ஆழ்குளிரில் வைத்த எலும்பின் வலு பெரிதாகக் குறையாது என்பது இந்த வழியின் பலம். ஆனால் கரண்ட் போனால்? ஜெனரேட்டர் வேண்டும், அலாரம் வேண்டும், நடுராத்திரியில் அது அடித்தால் எழுந்து ஓடிவர ஓர் ஆளும் வேண்டும்.

இன்னொரு வழி, உறைந்த எலும்பின் ஈரத்தை வெற்றிடத்தில் உறிஞ்சி எடுப்பது. மிச்ச ஈரம் 6 சதவீதத்துக்குள் வந்ததும் காற்றுப் புகாமல் மூடி, காமா கதிரில் கிருமி நீக்குவார்கள். மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் திசு வங்கி இப்படித்தான் தயாரிக்கிறது. அப்புறம் சாதாரண அலமாரியிலேயே ஆண்டுக்கணக்கில் இருக்கும். குறை என்னவென்றால் எலும்பு முறுகிப்போகும். சலைனில் ஊறவைக்காமல் ஸ்க்ரூ போட்டால் விரிசல் விடும். குழியை நிரப்பப் போதும், பாரம் தாங்க நம்ப முடியாது.

எலும்புக்குப் பதிலாக வைக்கும் செயற்கைச் சரக்கும் உண்டு. அதில் எலும்பின் தாதுவைப் போன்ற ஹைட்ராக்ஸிஅபடைட் குருணைக்குக் கவலை குறைவு. ஆயிரம் டிகிரிக்கு மேல் சுட்ட பொருள் அலமாரியில் கெட என்ன இருக்கிறது? அதன் காலாவதித் தேதி பெரும்பாலும் உறைக்குத்தான். குழைத்துக் குழியில் வைத்தால் இறுகும் கால்சியம் பாஸ்பேட் சிமெண்ட் பொடி அப்படியல்ல. அதிலும் புருஷைட் என்ற வகையில் வினைபுரிய வேண்டிய இரண்டு பொடிகளும் ஒரே உறையில் காத்திருக்கும். உறையில் ஊசித்துளை விழுந்தால் போதும், மழைக்கால உப்பு மாதிரி ஈரத்தை இழுத்து, ஆபரேஷன் தியேட்டரில் நடக்க வேண்டிய வினையைப் பெட்டிக்குள்ளேயே தொடங்கிவிடும். பிறகு குழைத்தால் சரியாக இறுகாது. உறை மேல் குடைப் படம் போட்டிருப்பது இதற்காகத்தான்.

கடலோரச் சின்ன மருத்துவமனை என்றால் என் ஓட்டு உலர்த்திய எலும்புக்கும் குருணைக்கும். பெரிய எலும்புத் துண்டையே மாற்ற வேண்டிய அறுவை அடிக்கடி நடந்தால் மட்டும் ஃப்ரீசர் வாங்கலாம், அந்த நடுராத்திரி ஆளையும் சேர்த்து.