அலமோ படம் மூணு: எதப் பாக்கலாம்?

1836-ல டெக்சாஸ்காரங்க மெக்சிகோ அரசாங்கத்துக்கு எதிரா கலகம் பண்ணப்போ, சான் அன்டோனியோவுல அவங்க கைல இருந்த அலமோ கோட்டை மெக்சிகோ படையோட 13 நாள் முற்றுகைக்கப்புறம் மார்ச் 6 விடிகாலைல விழுந்துச்சு. இத வெச்சு வந்ததுல 50-கள்ல எடுத்த ரெண்டு சிக்கனப் படத்தையும், 1960-ல ஹாலிவுட் நடிகர் ஜான் வெய்ன் காசக் கொட்டி எடுத்த 'தி அலமோ'வையும் வரிசையா பாத்தா என் ஓட்டு சின்னதுக்குத்தான்.

'தி மேன் ஃப்ரம் தி அலமோ' (1953, பட் பெட்டிகர்) வெறும் 79 நிமிஷம். ஊர்ல குடும்பங்களுக்கு ஆபத்து, யாராவது ஒருத்தன் வெளிய போகணும்னு குலுக்கல் போட்டா க்ளென் ஃபோர்ட் மாட்டிக்கறான், அங்க போய்ப் பாத்தா பொண்டாட்டி புள்ள யாரும் உயிரோட இல்ல, இதுக்குள்ள கோட்டையும் விழுந்துருச்சு, ஊர் கண்ணுக்கு இவன் ஓடிவந்த கோழை. கொன்னது யாருன்னா மெக்சிகோ சிப்பாய் வேஷம் போட்ட அமெரிக்கக்காரங்கதான்! பெரிய சண்டையெல்லாம் காட்ட காசு இல்லாததே நல்லதாப் போச்சு, கத அந்த மனுஷன விட்டு நகரவே இல்ல.

'தி லாஸ்ட் கமாண்ட்' (1955) பின்னாடி ஒரு பங்காளிச் சண்டை. வெய்ன் அலமோ எடுக்கணும்னு ரிபப்ளிக் ஸ்டுடியோகிட்ட கேட்டு, அவ்ளோ செலவு முடியாதுன்னுட்டாங்க, இவரு கோவிச்சுட்டு வெளிய வந்துட்டாரு, அவங்க அதே விஷயத்த தங்களோட பட்ஜெட்லயே எடுத்துட்டாங்க. ஸ்டெர்லிங் ஹேடன், கோட்டையக் காத்தவங்கள்ல ஒருத்தரான ஜிம் பூயியா வர்றாரு, எதிரியான மெக்சிகோ படைத் தலைவர் சாண்டா அன்னா இவரோட பழைய சிநேகிதன், அந்த இழுபறி ஓகே. மத்தது சுமார்.

வெய்ன் படத்துக்கு சுமார் 1.2 கோடி டாலர் செலவு. கடைசி சண்டை பிரமாதம், அதுவரைக்கும் பிரசங்கம். மெக்சிகோ 1829-லயே அடிமைமுறைய ஒழிச்சிருச்சு, கலகத்துக்கு அதுவும் ஒரு காரணம். படத்துல என்னடான்னா விடுதலை கெடச்ச அடிமை எஜமானுக்காக உயிர விடறான், பாக்கவே கூச்சமா இருக்கு.

நிஜத்துல கிரிகோரியோ எஸ்பார்சா டெக்சாஸ் பக்கம் நின்னு கோட்டைக்குள்ள செத்தாரு, கூடப்பொறந்த பிரான்சிஸ்கோ மெக்சிகோ படையச் சேந்தவரு. மத்த உடம்பையெல்லாம் எரிச்சப்போ இவரு அனுமதி வாங்கி கிரிகோரியோவ அடக்கம் பண்ணாரு. ஒரே வீட்டுல ரெண்டு பக்கம், சின்ன பட்ஜெட்டுக்கு இதவிட நல்ல கத எங்க கெடைக்கும், ஆனா மூணு படமும் இத மையமா எடுத்துக்கல.

அதனால முதல்ல 1953 படம். டைம் இருந்தா 1955. வெய்ன் படம் பெரிய ஸ்க்ரீன்ல ஓட்டுனா மட்டும் போங்க.