டர்பன் ஈரக்காற்றில் புளூரானிக் எஃப்127

டைட்டானியா (டைட்டானியம் டை ஆக்சைடு) படலத்தில் 10 நானோமீட்டர் அளவில் சீரான துளைகள் வேண்டுமா? புளூரானிக் எஃப்127 என்ற பாலிமரை நம்பி வாங்கலாம். அதன் உருண்டைகளைச் சுற்றி டைட்டானியா இறுகும், பாலிமரை எரித்துவிட்டால் அந்த இடம் துளையாகும். போலாக்சமர் 407 என்று மருந்து, அழகுசாதன மூலப்பொருள் கடைகளில் விற்பதும் இதே சரக்குதான். இரு முனையிலும் நீரை விரும்பும் பாலிஎத்திலீன் ஆக்சைடு, நடுவில் நீரை ஒதுக்கும் பாலிபுரோப்பிலீன் ஆக்சைடு. வெள்ளைத் தூள், நிறுக்கச் சுலபம். இதே குடும்பத்துப் பசைபோன்ற பி123 போலக் கரண்டியில் அப்பிக்கொள்ளாது.

டைட்டானியம் ஐசோப்ரொப்பாக்சைடு 2.84 கிராமுக்கு எஃப்127 0.63 கிராம் போதும். ஐசோப்ரொப்பாக்சைடில் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 1.7 கிராமைக் கலக்கிக்கொண்டே சொட்டுச் சொட்டாக விடுங்கள். நன்றாகச் சுடும், புகையும். புகைக்கூண்டுக்குள்தான் செய்ய வேண்டும். எஃப்127-ஐத் தனியே 18 கிராம் எத்தனாலில் கரைக்க வேண்டும். சண்டித்தனம் செய்தால் 40 டிகிரிக்குச் சூடாக்குங்கள். இரண்டும் சேர்ந்தபின் தெளிவாக இருக்க வேண்டும். பால்போலக் கலங்கினால் அமிலம் போதாமல் டைட்டானியம் முந்திக்கொண்டு இறுகிவிட்டது, கொட்டிவிட வேண்டியதுதான்.

இதுவரை எந்த ஊரிலும் ஒன்றுதான். தென்னாப்பிரிக்கக் கடற்கரை ஊரான டர்பனில் தகராறு கண்ணாடியை இந்தக் கரைசலில் முக்கி எடுக்கும்போது தொடங்கும். எத்தனால் ஆவியாக ஆவியாகத்தான் பாலிமர் உருண்டைகள் வரிசை கட்டும். அந்த நேரத்தில் படலம் காற்றிலிருந்து நீரைக் குடிக்கும். ஜனவரி கோடைக் காற்றில் ஜன்னலைத் திறந்துவைத்து முக்கினால் படலம் வெளுத்துத் திட்டுத்திட்டாகிவிடும். ஏசி அறையில் ஈரப்பதத்தை 50 சதவீதத்துக்குள் இறக்கி முக்குங்கள். பிறகு ஒரு நாள் 75 சதவீதத்தில் வைக்க வேண்டும். இதற்குக் கருவி தேவையில்லை: மூடிய டப்பாவில் ஒரு கிண்ணம் சமையல் உப்பு, அது சேறாக நனையும் அளவு தண்ணீர். 25 டிகிரியில் உப்புச்சேறு தானே 75-ல் நிறுத்திக்கொள்ளும். இந்தப் படியைத் தாண்டினால் துளைகள் ஒழுங்கில்லாமல் புழு நெளிந்தாற்போல் வரும்.

உலையில் நிமிடத்துக்கு 1 டிகிரி, 350 வரை. அங்கே 2 மணி நேரம். நடுவில் மின்வெட்டு வந்து படலம் பழுப்பாக நின்றால் பயம் வேண்டாம், பாதி எரிந்த பாலிமர்தான் அது. முதலிலிருந்து மெதுவாக ஏற்றுங்கள்.

குறை ஒன்று உண்டு. 600 டிகிரியைத் தாண்டினால் படிகங்கள் துளைச்சுவரைவிடப் பெருத்து எல்லாம் சரிந்துவிடும். முட்டுக்கொடுக்கும் அளவுக்கு எஃப்127 கரி விடாது. அந்தச் சூட்டுக்குப் பாலிஐசோப்ரீன் (ரப்பர் வகைப் பாலிமர்) துண்டு சேர்ந்த கோபாலிமர் வேண்டும்: காற்றில்லாமல் 700 டிகிரிக்குச் சுட்டால் உள்ளே கரிச்சட்டம் நிற்கும், அதைப் பிறகு காற்றில் எரித்துவிடலாம். சாதாரணப் படலத்துக்கு அந்தச் செலவு வீண்.