ஓசூரில் 'ரிப்பேர்' ஆகி வந்த சேஃப்டி வால்வு: மாடல் நீராவி இன்ஜின் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் 45 மி.மீ. தடத்தில் நிஜ நீராவியில் ஓடும் மாடல் ரயில் இன்ஜின் வைத்திருப்பவர்கள் ரொம்பக் குறைவு. ரிப்பேர் என்று வந்தால் நமக்கென்று தனி ஆள் கிடையாது, ஓசூர் லேத் பட்டறைதான் கதி. அங்கே வண்டிப் பாகங்களை மைக்ரான் கணக்கில் கடைகிற கைகள் உண்டு, மறுக்கவில்லை. பாய்லர் வால்வு வேறு சமாச்சாரம்.

அப்படி ஒரு பட்டறைக்கு பாய்லரோடு போனது இந்த சேஃப்டி வால்வு, அதாவது பாய்லரில் அழுத்தம் அளவு மீறினால் தானே திறந்து ஆவியை வெளியே விடும் வால்வு. 40 பிஎஸ்ஐயில் (சதுர அங்குலத்துக்கு 40 பவுண்டு அழுத்தம்) திறக்க வேண்டியது, 25லேயே ஒழுகிக்கொண்டிருந்தது. "இம்போர்ட்டட் ஸ்ப்ரிங் போட்டிருக்கு சார், இனி ஒரு சொட்டு வராது" என்று 1,400 ரூபாய் வாங்கினார்கள், பில் இல்லை. சொன்னபடியே ஒரு சொட்டு வரவில்லை. ஆனால் கைப் பம்பில் மாட்டித் தண்ணீர் ஏற்றினால் 40 தாண்டியது, 60 தாண்டியது, 80 வந்தும் வால்வு திறக்கவில்லை. அதோடு நிறுத்தியாயிற்று. இதை நம்பி அடுப்பு மூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

பிரித்தால் தெரிந்தது இதுதான். அட்ஜஸ்ட் நட்டை அடிவரை முறுக்கி, ஸ்ப்ரிங்கின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டும்படி நசுக்கியிருந்தார்கள். ஆவித் துளையை மூடி ஸ்ப்ரிங்குக்கு அடியில் உட்காரும் குண்டு எழும்ப இடமே இல்லை. அது வால்வு இல்லை, வெறும் அடைப்பான். 'இம்போர்ட்டட்' ஸ்ப்ரிங் பால்பாயின்ட் பேனாவில் வருவது. ஒரு நுனி கட்டிங் பிளேயரால் நறுக்கிய கூர்மையோடு ஒருபக்கம் சாய்ந்து நின்றது, அதற்குள் துரு வேறு. சாய்ந்த ஸ்ப்ரிங் குண்டை நேராக அழுத்தாது. குண்டும் மாறியிருந்தது: துருப்பிடிக்காத ஸ்டீலுக்குப் பதில் சைக்கிள் பால்ரஸ் குண்டு, அதே 5/32 அங்குலம். ஈரம் பட்டால் சிவந்து சீட்டோடு, அதாவது குண்டு உட்காரும் துளை விளிம்போடு, ஒட்டிக்கொள்ளும் ரகம்.

இத்தனைக்கும் ஒழுகலுக்குக் காரணம் நம்ம ஊர் போர்த் தண்ணீர்தான். அதன் உப்பு சீட்டில் படிந்து குண்டை உட்கார விடாமல் செய்கிறது. மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கிடைக்கும் சிட்ரிக் ஆசிட் ஒரு டீஸ்பூன், வெதுவெதுப்பான தண்ணீர் 100 மி.லி., 20 நிமிட ஊறல். பெரும்பாலும் இவ்வளவுதான் வேலை. கழற்றும்போது நட் எத்தனை சுற்றில் வெளியே வருகிறது என்று எண்ணி எழுதி வையுங்கள்.

கழுவியபின் லென்ஸில் பார்த்தால் சீட் மெல்லிய முழு வட்டமாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் கிரைண்டிங் பேஸ்ட் பக்கம் போகாதீர்கள். அந்தத் துகள் பித்தளையில் பதிந்து சீட்டை அகலமாக்கிவிடும். துருப்பிடிக்காத குண்டு ஒன்றைச் சீட்டில் வைத்து, மேலே பித்தளைக் கம்பியை நிறுத்தி, சின்னச் சுத்தியலால் ஒரே ஒரு லேசான தட்டு. தட்டிய குண்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுக் குண்டைப் போடுங்கள்.

மாட்டும்போது நட்டை எண்ணி வைத்ததைவிட இரண்டு சுற்று குறைவாக விட்டு, பம்பில் வைத்துக் கால் சுற்று கால் சுற்றாக ஏற்றி 40க்குக் கொண்டு வரலாம். இன்ஜினில் இருக்கும் பொடி பிரஷர் கேஜை நம்பாமல் பெரிய கேஜ் தனியாக வையுங்கள். கடைசியில் ரெகுலேட்டரை (சிலிண்டருக்கு ஆவி விடும் வால்வு) மூடி, அடுப்பை முழுதாக எரியவிட்டால் முள் 44ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால், வருகிற ஆவியை வெளியேற்ற வால்வுக்குத் திராணி இல்லை என்று பொருள்.

இதைவிட வயிற்றெரிச்சல் பாய்லர் புஷ், அதாவது வால்வைத் திருகி மாட்டும் மரையுள்ள வளையம். வால்வின் மரை 1/4 அங்குலம், அங்குலத்துக்கு 40 பல். "சுத்தம் பண்றேன்" என்று புஷ்ஷில் எம்6 டேப்பை (மரை வெட்டும் கருவி) ஓட்டியிருக்கிறார்கள். எம்6 என்றால் 6 மி.மீ. விட்டம், பல் இடைவெளி 1 மி.மீ. இங்கே 6.35 மி.மீ., இடைவெளி 0.635. நுணுக்கமான மரை மேல் முரட்டு மரை குறுக்கே ஓடிவிட்டது. தளர்வை மறைக்க டெஃப்லான் டேப்பைக் கனமாகச் சுற்றியிருந்தார்கள். டேப் முதல் மரையைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால் நார் நாராகப் பிய்ந்து குண்டுக்கடியில் போய் மறுபடி ஒழுகலைத் தரும்.

இனி பழைய புஷ்ஷை எடுத்து, கன்மெட்டல் என்ற வெண்கல வகையில் புதிது கடைந்து, வெள்ளிப் பற்றாசில் வைக்க வேண்டும். ஈயப் பற்று ஆகாது. அது 183 டிகிரியில் இளகும், 40 பிஎஸ்ஐ ஆவியே ஏறக்குறைய 141 டிகிரி. தண்ணீர் வற்றினால் கதை முடிந்தது. பாய்லரில் கை வைத்த பிறகு, வால்வு ஓட்டையை அடைத்து, காற்றே இல்லாமல் தண்ணீர் நிரப்பி 80 பிஎஸ்ஐயில் சோதித்தாக வேண்டும். தண்ணீர் என்பதால் விட்டுப்போனாலும் பீய்ச்சும், வெடிக்காது.

பட்டறைக்கு வால்வை மட்டும் கொடுங்கள், பாய்லரைக் கொடுக்காதீர்கள். மரை அளவை ஒரு துண்டுத் தாளில் எழுதி வால்வோடு கட்டுங்கள். கழற்றிய பாகத்தைத் திருப்பித் தரவேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இங்கே பழைய ஸ்ப்ரிங்கைக் கேட்டதற்கு "குப்பையில போயிடுச்சு சார்" என்றார்கள். கம்பித் தடிமனும் சுற்று எண்ணிக்கையும் தெரியாமல் அதே ஸ்ப்ரிங் செய்ய வழியில்லை, வால்வையே முழுதாகப் புதிதாக வாங்க வேண்டியதாயிற்று.