வாரக்கடைசிக்கு யார்க்கா, பாத்தா?

லண்டனிலிருந்து சனிக்கிழமை காலை கிளம்பி, ஒரு பழைய ஊரைச் சுற்றிப் பார்த்து, சாயங்காலம் நல்ல பப் ஒன்றில் உட்கார வேண்டும். இப்படி ஒரு திட்டம் போட்டால் பேச்சு பெரும்பாலும் யார்க், பாத் என்ற இரண்டு இங்கிலாந்து ஊர்களில் ஒன்றில் வந்து நிற்கும். ரயிலில் பாத் கொஞ்சம் பக்கம். லண்டனின் பேடிங்டன் நிலையத்திலிருந்து சுமார் ஒன்றரை மணி நேரம். கிங்ஸ் கிராஸ் நிலையத்திலிருந்து யார்க்குக்குச் சுமார் இரண்டு மணி நேரம். இந்த அரை மணி நேரத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கண்ணுக்கு அழகு என்றால் பாத்துக்கு ஈடு கிடையாது. தேன் நிறக் கல்லில் 18-ஆம் நூற்றாண்டில் எழுந்த ஊர் அது. 30 வீடுகள் பிறை வடிவில் வளைந்து நிற்கும் ராயல் கிரெசென்ட் 1767-இல் தொடங்கி 1775-இல் முடிந்தது. ரோமானியர் குளியல் கூடத்தில் 46 டிகிரி வெந்நீர் இன்றும் ஊறிக்கொண்டிருக்கிறது. அங்கே குளிக்க முடியாது. குளிக்க ஆசைப்பட்டால் அருகிலுள்ள தெர்மே ஸ்பாவுக்குப் போகலாம். ஆனால் கட்டடங்கள் பெரும்பாலும் ஒரே காலத்தவை. இரண்டாம் நாள் மதியத்துக்குள் பார்த்ததையே பார்ப்பது போல எனக்குத் தோன்றிவிடுகிறது.

யார்க்கில் அந்த அலுப்பு வருவதில்லை. கி.பி. 71-இல் ரோமானியர் கோட்டை கட்டிய இடம். 306-இல் கான்ஸ்டன்டைனை அவருடைய படைகள் பேரரசராக அறிவித்ததும் இங்கேதான். 866-இல் வைக்கிங்குகள் பிடித்தார்கள். அப்புறம் இடைக்கால வணிகர்கள் வந்தார்கள். இத்தனை காலமும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக் கிடக்கிறது. மதில்மேல் நடக்கக் கட்டணம் இல்லை. முழுச் சுற்றுக்கு நேரமில்லாவிட்டால் பூத்தம் பாரிலிருந்து மங்க் பார் வரையாவது நடந்துவிடுங்கள் (இங்கே ‘பார்’ என்றால் மதில் வாயில்). மின்ஸ்டர் பேராலயம் அங்கிருந்து தெரிகிற மாதிரி வேறெங்கும் தெரியாது.

சரி, பப்புக்கு வருவோம். தனி ஒரு பப் என்று பார்த்தால் என் ஓட்டு பாத்தின் ஸ்டார் இன்னுக்குத்தான். மரப்பலகை அடித்த சின்னச் சின்ன அறைகள், ஜாடியில் பிடித்துவந்து ஊற்றும் பாஸ் என்ற ஏல் வகை பீர், அவசரமில்லாத பேச்சு. கிரீன் ஸ்ட்ரீட்டின் ஓல்ட் கிரீன் ட்ரீயும் அதே ஜாதி. வால்காட் ஸ்ட்ரீட்டில் உள்ள பெல் என்ற பப்பை 2013-இல் வாடிக்கையாளர்களே பணம் போட்டு வாங்கினார்கள். பாட்டு கேட்க அங்கே போகலாம்.

ஆனால் யார்க்கில் ஊரைப் பார்ப்பதும் பப்புக்குப் போவதும் ஒரே வேலைதான். ஸ்டோன்கேட்டில் நடந்தால் தெருவின் குறுக்கே, தலைக்கு மேலேயே ஓல்ட் ஸ்டார் இன்னின் பெயர்ப்பலகை. ஊஸ் ஆற்றங்கரையில் கிங்ஸ் ஆர்ம்ஸ். எந்த ஆண்டு வெள்ளம் எவ்வளவு உயரம் ஏறியது என்று உள்ளேயே குறித்து வைத்திருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்தது ஃபாஸ்கேட்டின் புளூ பெல். 1903-இன் உள்ளமைப்பு அப்படியே இருக்கிறது. மிகச் சிறிய இடம், கூட்டமாகப் போனால் வரவேற்பு இருக்காது; இரண்டு பேராகப் போங்கள். பக்கத்து ஊர்களின் டிமதி டெய்லர், பிளாக் ஷீப் போன்ற பீர்களை இந்த ஊரில் குடிப்பதுதான் முறை. மதுவே தொடாதவர்களும் தயங்க வேண்டாம், நிறையப் பப்களில் டீயும் ஞாயிறு ரோஸ்ட் என்ற வறுத்த இறைச்சிச் சாப்பாடும் கிடைக்கும்.

அதனால் என் தேர்வு யார்க். வயதானவர்கள் உங்களோடு வந்தாலும் யார்க்தான். பாத்தில் மேடு அதிகம், யார்க்கின் நடுவூர் சமதளம். ஜோடியாக, வெந்நீர்க் குளியலும் ஓய்வுமே நோக்கம் என்றால் தயங்காமல் பாத் போகலாம்.

அறை பதிவு செய்வதற்கு முன் தேதியை மட்டும் சரிபாருங்கள். குதிரைப் பந்தயச் சனிக்கிழமைகளில் யார்க்கின் பப்களில் நிற்கக்கூட இடம் கிடைக்காது; கிறிஸ்துமஸ் சந்தை நாட்களில் பாத்திலும் அதே கதை.