படிப்பறையும் அரிசி ஆலையும்: பழக்கத்தை மாற்றும் மூன்று வழிகள்

இலங்கையின் கிழக்கே சம்மாந்துறையிலோ கல்முனையிலோ, பல்கலைக்கழகம் புகுவதற்கான க.பொ.த. உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் மகளும் அரிசி ஆலையில் வேலைசெய்யும் தகப்பனும் ஒரே வீட்டில் இருப்பது புதுமையன்று. அவளுக்குக் "கவனமாகப் படி", அவருக்குக் "கவனமாக வேலை செய்" என்று இருவருக்கும் ஒரே புத்திமதிதான் கிடைக்கிறது. செய்ய வேண்டியது இன்னதென்று தெரிந்திருந்தும் அது பழக்கத்தில் வராததே இருவரதும் சிக்கல் என்பதால், உளவியல் காட்டும் மூன்று வழிகளை இந்த இரண்டு இடங்களிலும் வைத்து எடைபோடுகிறேன்.

நமக்கு மிகவும் பழக்கமானது பரிசும் தண்டமும். பலன் விரைவில் தெரிகிறது, ஆனால் நிலைப்பதில்லை. 1973 இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வொன்றில், பரிசு தருவதாகச் சொல்லி வரையவைக்கப்பட்ட சிறுவர்கள், பின்னர் தாமாக வரையச் செலவிட்ட நேரம் மற்றவர்களின் நேரத்தில் ஏறத்தாழப் பாதியாக இருந்தது. ஆலையில் இதன் கேடு இன்னும் பெரிது. விபத்தில்லாத மாதத்துக்கு மேலதிகக் கொடுப்பனவு என்று அறிவித்தால், விரலை வெட்டிக்கொண்டவர் துணியைச் சுற்றி மறைத்துக்கொள்வார். அதே இயந்திரப் பெல்ட்டில் நாளை இன்னொருவர் கை வைப்பார். மூன்றில் இதை நான் முற்றாகத் தள்ளுகிறேன்.

இரண்டாவது, செய்வதை அளந்து செய்தவருக்கே காட்டுவது. 1978 இல் உளவியலாளர் ஜூடி கோமாகியும் கூட்டாளிகளும் ஒரு வெதுப்பகத் தொழிற்சாலையில், பாதுகாப்பாகச் செய்யப்பட்ட வேலையின் வீதத்தை எல்லாருக்கும் தெரியும்படி வரைபடமாக மாட்டினார்கள். ஒரு பிரிவில் 70 சதவீதம் 96 ஆகவும், மற்றதில் 78 சதவீதம் 99 ஆகவும் உயர்ந்தது. வரைபடத்தை நிறுத்தியதும் முறையே 71, 72 என்று விழுந்தது. இந்த வீழ்ச்சியைத்தான் நான் முக்கியமாக எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் பெரும்போக அறுவடை முடிந்து நெல் குவியும் மாதங்களில்தான் அப்படி வீதத்தைக் காட்டும் பலகையை எழுத யாருக்கும் நேரமிருக்காது. படிப்பிலோ, இந்த வழி பெரும்பாலும் தவறான ஒன்றை அளக்கிறது. மேசையில் உட்கார்ந்த மணித்தியாலங்களைக் குறித்துப் பயனில்லை. 2006 இல் வெளிவந்த, உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் செய்த சோதனையில், பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்களுக்கு ஒரு வாரத்தின் பின் 40 சதவீதமே நினைவிருந்தது. ஒரே அமர்வில் வாசித்துவிட்டு, பாராமல் மூன்று முறை எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதம் நினைவிருந்தது.

மூன்றாவது, ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் விளக்கிய முன்தீர்மானம்: 'இது நடந்தால், இதைச் செய்வேன்' என்று வேளையையும் செயலையும் முன்கூட்டியே முடிச்சுப்போடுவது. மாலையில் மஃரிப் தொழுததும், அல்லது வீட்டில் விளக்கு வைத்ததும், புத்தகத்தை மூடிவைத்துக் கடந்தகால வினாத்தாளில் ஒரு கேள்விக்கு விடை எழுதுவேன் என்று மகள் தீர்மானித்தால், தினமும் மனத்தோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. பொறுமை மட்டும் வேண்டும். 2010 இல் வெளிவந்த லண்டன் ஆய்வொன்றில், ஒரு செயல் தானாக நடக்கும் பழக்கமாவதற்கு ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை தேவைப்பட்டது. ஆகவே படிப்புக்கு என் தெரிவு இதுவே.

தகப்பனும் "பெல்ட் சிக்கினால் முதலில் மெயின் சுவிட்ச்" என்று தீர்மானிக்கலாம், தீர்மானிக்கவும் வேண்டும். ஆனால் வாசலில் லொறிகள் வரிசையாக நிற்க, முதலாளி அவசரப்படுத்தினால், தனியொருவரின் தீர்மானம் அங்கே தாக்குப்பிடிக்காது. எனவே ஆலைக்குப் பலகையையே தெரிவுசெய்வேன்: எத்தனை விபத்து என்பதையல்ல, சுவிட்சை நிறுத்திவிட்டுக் கை வைத்தார்களா, உமித்தூசியில் முகக்கவசம் அணிந்தார்களா என்பதை, வேலையாட்களில் ஒருவரே முறைவைத்துக் குறிக்க வேண்டும். ஆபத்தான இயந்திரப் பாகங்களுக்கு மறைப்பு இருக்க வேண்டுமென்பது 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் உரிமையாளர்மேல் சுமத்திய கடமை. அதனால் பலகையின் முதல் வரியில் "பெல்ட்டுக்கு மறைப்புப் போட்டிருக்கிறதா?" என்று எழுதி, அதற்கு எதிரே முதலாளியே நாள்தோறும் கையொப்பமிட வேண்டும்.