பழமும் இலையும் வண்ணப் பென்சிலில்: நீண்ட நாள் பயன்பாட்டில் தெரியவருபவை

வரைந்த பழம் பிளாஸ்டிக் பொம்மை போலத் தட்டையாக நிற்கிறது என்றால், 36 கலர் பெட்டியை விட்டு 120 கலர் பெட்டிக்குப் போவதால் பெரிதாக எதுவும் மாறாது. குறை பெரும்பாலும் இரண்டு இடங்களில் இருக்கும். ஒன்று, நிழல் போதிய அளவு அடர்த்தியாக இல்லை. இரண்டு, அடர்த்தி கூட்டலாம் என்று நினைக்கும்போது தாள் அதற்கு மேல் நிறம் ஏற்கவில்லை.

இரண்டாவதை முதலில் பார்ப்போம். வண்ணப் பென்சில் தாளின் நுண்ணிய மேடுபள்ளங்களில்தான் ஒட்டுகிறது. தொடக்கத்திலேயே அழுத்தித் தேய்த்தால் பள்ளங்கள் அடைபட்டு, மேலே வழவழப்பான மெழுகுப் பூச்சு உருவாகும். அடுத்த நிறம் அதன்மேல் வழுக்கிக்கொண்டு போகும். பென்சிலின் சொந்த எடையைவிடச் சற்றே கூடுதலான அழுத்தம் போதும். அப்படிப் போட்டால் நல்ல தாளில் எட்டு, பத்து அடுக்குகள் சாதாரணமாக ஏறும். முனை எப்போதும் ஊசியாக இருக்க வேண்டும். மழுங்கிய முனை மேடுகளை மட்டும் தொட்டுச் செல்வதால் படம் முழுக்க வெள்ளைப் புள்ளிகள் தெரியும். அதை மறைக்க அழுத்தத் தோன்றும், அங்கேயே தாள் கெட்டுவிடும்.

தாள் விஷயத்தில் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) பருத்தி ஹாட் பிரஸ்டு (சூட்டில் அழுத்தி வழவழப்பாக்கிய) தாளுக்கு இணை இல்லை. ஃபேப்ரியானோ ஆர்ட்டிஸ்டிகோ, ஆர்ச்சஸ் என்ற தாள் பிராண்டுகள் இரண்டுமே இந்த வேலையைத் தாங்கும். வழவழப்பான பிரிஸ்டல் தாளில் நுணுக்கமான விளிம்பு அழகாக வரும், ஆனால் சில அடுக்குகளிலேயே நிறைந்துவிடும். கோல்டு பிரஸ்டு தாளில் சொரசொரப்பு அதிகம். திராட்சைத் தோலின் வழவழப்பை அதில் கொண்டுவருவது வீண் போராட்டம்.

பென்சிலில் எண்ணெய் வகை, மெழுகு வகை என்ற வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். ஃபேபர் காஸ்டெல் பாலிக்ரோமோஸ் எண்ணெய் சார்ந்தது. முனை நெடுநேரம் கூர்மையாக நிற்கும், நரம்புக்கும் விளிம்புக்கும் ஏற்றது. கேரன் டாஷ் லூமினன்ஸ் போன்ற மென்மையான மெழுகு வகை, அடர்நிறத்தின் மேல் வெளிர்நிறம் ஏற்றக் கைகொடுக்கும். மெழுகு வகையை அடர்த்தியாகப் போட்டால் சில நாளில் மேலே வெண்படலம் பூக்கலாம். மென்துணியால் லேசாகத் துடைத்தால் போய்விடும். இரண்டு வகையையும் ஒரே படத்தில் கலந்து பயன்படுத்தலாம். எண்ணெய் வகை அடியில், மெழுகு வகை மேலே என்பதே வசதியான வரிசை.

பாலிக்ரோமோஸில் தொடங்குபவர்களுக்குத் தனித்தனியாக வாங்க ஒரு சிறு பட்டியல் (பெயருக்குப் பின் இருப்பது நிற எண்): கேட்மியம் மஞ்சள் 107, ஐவரி 103, மே கிரீன் 170, எர்த் கிரீன் எல்லோயிஷ் 168, பெர்மனன்ட் கிரீன் ஆலிவ் 167, டார்க் இண்டிகோ (கருநீலம்) 157, டார்க் செபியா 175, மெஜந்தா 133, டார்க் ரெட் 225, பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு) 283. கறுப்பு இல்லாமலே நெடுந்தூரம் போகலாம்.

நிழலை முதலிலேயே போட்டுவிடுவது நல்லது. சிவப்புப் பழத்துக்கும் பச்சை இலைக்கும் டார்க் இண்டிகோவால் நிழல் பகுதிகளை மெல்லிய அடுக்குகளாக அமைத்துவிட்டு, அதன்மேல் சொந்த நிறத்தை ஏற்றினால் உருண்டை வடிவம் தானாக வரும். கடைசியில் நிழல் சேர்க்கப் போனால் தாளில் இடம் இருக்காது. எலுமிச்சைக்கு மட்டும் இது பொருந்தாது. மஞ்சளில் கறுப்போ இண்டிகோவோ பட்டால் அழுக்குப் பச்சையாகிவிடும். வெளிர் ஊதாவை மிக லேசாகப் போட்டு, மேலே காவி மஞ்சள், பிறகு மஞ்சள் என்று போக வேண்டும். அவுட்லைன் போட்ட சாதாரணப் பென்சிலின் கிராஃபைட்டும் மஞ்சளை இப்படித்தான் கெடுக்கும். நிறம் தொடங்கும் முன் பிசையும் அழிப்பானால் ஒற்றி எடுத்து, கோடு கண்ணுக்கு அரைகுறையாகத் தெரியும் அளவுக்குக் குறைத்துவிடுங்கள்.

நிழல் போதுமா என்ற சந்தேகம் வந்தால், மாதிரிப் பழத்தையும் படத்தையும் செல்போனில் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். படத்தில் எல்லாம் நடுத்தரச் சாம்பலாகவே இருப்பதுதான் பெரும்பாலும் தெரியவரும்.

பளிச்சிடும் இடத்துக்குத் தாளின் வெள்ளையையே விட்டுவைக்க வேண்டும். வழவழப்பான தோலில் அதன் விளிம்பு தெளிவாக இருக்கும்; ஆரஞ்சுத் தோலில் குழிகளுக்கு இடையே சிதறிக் கிடக்கும். கருந்திராட்சையின் மேலுள்ள சாம்பல் பூத்த படலம் இயற்கையான மெழுகு. அதற்கு முதலிலேயே வெளிர் நீலம் போட்டு வைத்துவிட்டு, விரல் பட்டுப் படலம் அழிந்த இடங்களில் மட்டும் அடர் ஊதாவைப் பளபளப்பாக ஏற்றினால் பழம் நிஜமாகும். முடிந்த படத்தின் மேல் வெள்ளைப் பென்சிலால் தேய்த்து இதைக் கொண்டுவர முயன்றால் சுண்ணாம்பு பூசியது போலிருக்கும்.

இலைதான் அதிகம் சோதிக்கும். நரம்பைப் பச்சையின் மேல் வெள்ளைக் கோடாக இழுப்பது பரவலான பழக்கம். அது ஒருபோதும் எடுபடாது. பல இலைகளின் மேற்புறத்தில் நரம்பு, புடைத்த இரண்டு பகுதிகளுக்கு இடையிலான வெளிர் பள்ளம். மே கிரீனை மெல்லிதாகப் பூசிவிட்டு, எம்பாசிங் கருவியின் (தாளில் பள்ளம் பதிக்கும் கருவி) உருண்டை முனையால் நரம்புகளை அழுத்திக் கீறி, மேலே அடர்பச்சையைப் போட்டால் கீறிய இடம் வெளிர்பச்சையாகவே தங்கும். மே கிரீன் போடாமல் கீறினால் நரம்பு அப்பட்டமான வெள்ளையாகத் தெரியும். இந்தக் கருவியின் குறை, எல்லா நரம்பையும் ஒரே தடிமனில் காட்டுவது. நடுநரம்பு காம்பிலிருந்து நுனிக்குப் போகப் போக மெலிய வேண்டும். அதைக் கீறாமல், இருபுறமும் நிறம் போட்டு இடைவெளியாக விடுவதே சரி. இலையின் அடிப்புறத்தில் நரம்பு புடைத்து நிற்கும், அங்கே கீறினால் தோற்றம் தலைகீழாகிவிடும். நரம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் மெல்லிய நிழல் கோடு கொடுத்தால் அது எழுந்து நிற்கும்.

மடிந்த இலையில், மறைந்த நடுநரம்பு எங்கே மீண்டும் வெளிவரும் என்பதை லேசான புள்ளிகளால் குறித்துக்கொள்ளுங்கள். இது தவறினால் எவ்வளவு நன்றாக வண்ணம் தீட்டினாலும் இலை ஒடிந்ததாகவே தெரியும்.

பச்சை செயற்கையாகத் தெரிந்தால் மேலே பர்ன்ட் சியன்னாவை ஓர் அடுக்கு தடவுங்கள். சிவப்புச் சாயல் பச்சையின் கூச்சலை அடக்கும். பறித்த இலையை ஈரத் தாளில் சுற்றிப் பிளாஸ்டிக் பையில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் அடுத்த நாளும் வரையலாம். ஆனாலும் முதல் மணி நேரத்திலேயே ஒரு புகைப்படம் எடுத்துக்கொள்வது உத்தமம்.

பர்னிஷிங், அதாவது வெளிர் பென்சிலாலோ நிறமற்ற பிளெண்டர் பென்சிலாலோ அழுத்தித் தேய்த்து மெருகேற்றுவது, கடைசி வேலை. அதற்குப் பிறகு திருத்தம் கிட்டத்தட்ட சாத்தியமில்லை. செர்ரி, தக்காளி போன்றவற்றுக்குப் பொருந்தும். பீச் பழத்துக்கும் சொரசொரப்பான இலைக்கும் வேண்டாம்.

பென்சில் தூளைக் கையால் தட்டாமல் அகலமான மென்தூரிகையால் தள்ளுங்கள். சட்டம் போடும்போது மவுன்ட் அட்டை (படத்தைச் சுற்றி வைக்கும் தடித்த அட்டை) வைத்தால் கண்ணாடி படத்தைத் தொடாது. நீண்ட நாள் சுவரில் தொங்கவிடுவதாக இருந்தால், பயன்படுத்திய நிறங்களை ஒரு துண்டுத் தாளில் பூசி, பாதியை அட்டையால் மூடி, வெயில் படும் ஜன்னலில் சில மாதம் ஒட்டி வையுங்கள். ஊதாவும் இளஞ்சிவப்பும்தான் பெரும்பாலும் முதலில் வெளுக்கும்.