பாலின இடைவெளி அறிக்கை: தரவரிசையை விடுங்கள், நாட்டுப் பக்கத்தைப் பாருங்கள்

ஜூன் வந்தால் ‘இந்தியாவுக்கு 131-ஆம் இடம்’ மாதிரி ஒரு தலைப்புச் செய்தி வரும், எல்லாரும் பகிர்வார்கள், அதோடு சரி. அந்த எண் வருகிற இடம் உலகப் பொருளாதார மன்றத்தின் பாலின இடைவெளி அறிக்கை; பொருளாதாரம், கல்வி, உடல்நலம், அரசியல் என்று நான்கு பகுதிகளில் ஆணுக்கும் பெண்ணுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று அளந்து நாடுகளை வரிசைப்படுத்துவது. 2006-ல் தொடங்கியது, இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அதில் நாட்டுக்கு நாடு தனித்தனியாகப் போட்டிருக்கும் பக்கங்கள்தான் உண்மையிலேயே உருப்படியானவை.

எனக்குக் குறை அரசியல் பகுதியில்தான். மூன்றே கணக்கு: எம்.பி.க்களில் பெண்கள் எத்தனை சதவீதம், அமைச்சர்களில் எத்தனை, அப்புறம் கடந்த 50 ஆண்டில் எத்தனை ஆண்டு ஒரு பெண் நாட்டின் தலைமையில் இருந்தார் என்பது. இந்த மூன்றாவதுதான் படத்தையே மாற்றிவிடுகிறது. 1991-லிருந்து 2024 வரை பெரும்பாலும் கலீதா ஜியா, ஷேக் ஹசீனா இருவர் கையிலேயே இருந்த வங்கதேசம், 2023 அறிக்கையின் அரசியல் பிரிவில் உலகிலேயே 7-ஆம் இடம். அப்போது அங்கே நாடாளுமன்றத்தின் 350 இடங்களில் 50 பெண்களுக்கென்று ஒதுக்கியவை, அதற்கும் மக்கள் நேரடியாக ஓட்டுப் போடுவதில்லை, கட்சிகள் தங்கள் பலத்துக்கு ஏற்பப் பங்கிட்டுக்கொள்ளும். இரண்டு பேர் பிரதமரானதை வைத்து ஒரு நாட்டுப் பெண்கள் எல்லாருக்கும் மார்க் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. நமக்கும் இதே கதைதான், இந்திரா காந்தி ஆண்ட ஆண்டுகள் இன்னும் கணக்கில் நிற்கின்றன, இதே முறை நீடித்தால் 2034-க்குப் பிறகு முழுசாகக் கழன்றுவிடும்.

அமைச்சர் கணக்கும் சட்டென்று ஆடும். 2021-ல் இந்தியா ஒரேயடியாக 28 இடம் சறுக்கி 140-க்குப் போனதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று, பெண் அமைச்சர்களின் பங்கு 23.1 சதவீதத்திலிருந்து 9.1-க்கு இறங்கியது.

வெறும் எண் போதும் என்பவர்களுக்கு நாடாளுமன்றங்களின் சர்வதேச ஒன்றியம் நடத்தும் ‘பார்லைன்’ தளம்தான் என் பரிந்துரை. மதிப்பெண்ணெல்லாம் கிடையாது, எந்த அவையில் எத்தனை இடம், அதில் எத்தனை பெண்கள், அவ்வளவுதான், அடிக்கடி புதுப்பிக்கிறார்கள். 60 சதவீதத்துக்கு மேல் வைத்திருக்கும் ருவாண்டா உச்சியில். 2024 தேர்தலில் நம் மக்களவைக்குப் போனது 543-க்கு 74 பெண்கள், முந்தைய தேர்தலில் 78.

அறிக்கையை மன்னிக்க முடியாத இடம் ஒன்று உண்டு. உள்ளாட்சி அதன் தரவரிசைக் கணக்கிலேயே இல்லை. 1992-ன் 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தால் மூன்றில் ஒரு பங்கு, தமிழ்நாட்டில் 2016 சட்டத்தால் பாதி என்று இடம் ஒதுக்கி, நாடு முழுக்கப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் ஊராட்சிகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். தண்ணீர்த் தொட்டி எங்கே கட்டுவது, எந்தத் தெருவுக்கு முதலில் விளக்கு என்று முடிவெடுக்கிற பெண்ணுக்கு அங்கே ஒரு புள்ளிகூடக் கிடையாது. கணவர் பின்னாலிருந்து ஆட்டிவைக்கும் ஊர்கள் இருக்கின்றன, ஆனால் அதற்காக எல்லாரையும் கணக்கிலிருந்தே தூக்கிவிடலாமா? ஐ.நா.வின் நீடித்த வளர்ச்சி இலக்குகளில் உள்ளாட்சிப் பெண்களைத் தனியாக எண்ணுகிறார்கள், அதை இங்கேயும் சேர்க்கும்வரை ஐந்துக்கு மூன்று நட்சத்திரம்தான் தருவேன்.